மண்டியிட்டு எழுவதற்கு ஒரு மானியம்

இளம் ஆய்வாளர்களுக்கான நிதி என்று பெயர் வைத்துக்கொண்டு, இதற்கு முன்னால் எத்தனை நிதி வாங்கியிருக்கிறாய் என்று கேட்கிறவர்களை என்ன செய்வது? முதலாவது கிடைத்தால்தானே ஐயா இரண்டாவதைப் பற்றிப் பேச முடியும்! முதல் வருஷம், அனுபவம் போதாது, திருத்தி அனுப்பு என்றார்கள். இரண்டாம் வருஷம், யோசனை நல்ல யோசனைதான், ஆனால் சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டு வா என்றார்கள். சின்ன அளவில் செய்ய யார் காசு கொடுப்பது? அதை மட்டும் சொல்லவில்லை. நல்வோகா தன் சம்பளத்தில் பாய் வாங்கினாள், நோயாளிகள் வந்துபோக பைக் டாக்ஸிக்காரனுக்கு வாடகை கொடுத்தாள், செய்து பார்த்தாள், எழுதி அனுப்பினாள். மூன்றாம் வருஷம் வந்த குறிப்பு இது: "இந்தப் பெண்களுக்கு நாற்காலியில் உட்காரப் பழக்கினால் போதாதா? விளக்கி மறுபடி அனுப்பவும்."

அன்றைக்கு கேன்டீனில் வாங்கிய மத்தோக்கே வாழைக்காய் மசியலும் கடலைக் குழம்பும் அப்படியே ஆறிப்போயின. ஒரேயடியாக வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைக்கிறார்களா? அதுவும் கிடையாது. திருத்து, விளக்கு, மறுபடி வா.

நல்வோகா கம்பாலாவுக்கு வெளியே ஒரு மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முனைவர் பட்டமும் வாங்கியவள். பட்டம் வாங்கி ஐந்து வருஷம் வரைதான் அந்த வெளிநாட்டு அறக்கட்டளைக்காரர்களின் கண்ணில் இளம் ஆய்வாளர். ஐந்தாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி முறை. நிதி வந்தால் அவளுடைய ஒப்பந்த வேலை நீளும், பயிற்சி வகுப்பு நடக்கும். வராவிட்டால் இரண்டும் மூடிக்கொள்ளும். ஆஸ்பத்திரி நிர்வாகம் இதைச் சிரித்த முகத்தோடு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

அவள் கேட்டதும் பெரிய விஷயமில்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பெண்களை மறுபடி மண்டியிடவும், மண்டியிட்ட இடத்திலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழவும் எப்படிப் பழக்குவது என்று ஆராய வேண்டும். அவ்வளவுதான்.

இந்த யோசனை அவளுக்கு ஒரு சாவு வீட்டு வாசலில் வந்தது. நப்போசா என்று ஒருத்தி. ஊரே அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரி மதிப்பெண் தாளில் அத்தை முழு மார்க் வாங்கியவள். நடக்கிறாள், படி ஏறுகிறாள், தானே உடுத்துகிறாள். குணமாகிவிட்டது என்று நல்வோகாவே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். அந்த அத்தை, கூடப் பிறந்த அண்ணன் சாவுக்கு வந்தவள், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அத்தை இறங்கல?" என்று நல்வோகா கேட்டதற்கு அவள் எரிந்து விழுந்தாள்.

"இறங்குனா பெரியவங்க முன்னால மண்டி போடணும். போட்டா எந்திரிக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து சாக்கு மூட்டையத் தூக்கற மாதிரி தூக்குவாங்க. நின்னுக்கிட்டே வணக்கம் சொல்ல நான் என்ன போலீஸ்காரனா? போடி, நீயும் உன் முழு மார்க்கும்!"

நல்வோகா வீட்டுக்குப் போய் அந்த மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தாள். கத்தி, முள்கரண்டி பிடிப்பதற்கு மார்க் இருந்தது. குளியல் தொட்டியில் இறங்குவதற்கு இருந்தது. அவளுடைய நோயாளிகளில் ஒருத்தி வீட்டில்கூடக் குளியல் தொட்டி கிடையாது. மண்டியிடுவதற்கு ஒரு வரிகூட இல்லை. எழுதினவர்களைச் சொல்லி என்ன பயன், இத்தனை வருஷம் அதை வைத்து மார்க் போட்டவள் அவள்தானே. வெட்கமாக இருந்தது.

நாலாவது விண்ணப்பத்துக்கு அதிசயமாக ஒரு பதில் வந்தது. கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாய், எங்கள் ஆள் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். ஒரு நோயாளி செய்துகாட்ட வேண்டும். ஒரே தடவைதான். ஒத்திகை கூடாது, வெட்டி ஒட்டாத வீடியோ வேண்டும், சோதனை நடக்கும்போது ஆய்வாளர் வாய் திறக்கக் கூடாது. முன்பு எங்கோ யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், அந்தப் பாவத்துக்கு இந்த விதிகள். அளவுகோல் நல்வோகா தானே எழுதிக்கொடுத்ததுதான்: முட்டி பாயைத் தொட்டதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வரை, யார் உதவியும் இல்லாமல், முப்பது வினாடிக்குள்.

முப்பது வினாடி அத்தைக்கு ஒரு பொருட்டே இல்லை. வகுப்பில் அதில் பாதி நேரத்தில் முடித்துவிடுவாள். நல்ல காலை முன்னால் ஊன்று, கையைத் தொடையில் வை, உடம்பை முன்னால் சாய், எழு. சுவரைப் பார்த்தபடி ஆறு பெண்கள் பாயில் இறங்கி எழுந்து, இறங்கி எழுந்து, ஒருத்தியை ஒருத்தி கிண்டல் பண்ணிக்கொண்டு பழகினார்கள்.

வருகைக்கு முந்தின வாரம் பேராசிரியர் லுபோவா நல்வோகாவின் உயிரை எடுத்தார். துறைத் தலைவர், நல்ல மனுஷர், ஆனால் எதிலும் கை வைக்காமல் இருக்க முடியாது.

"பொண்ணே, தலைப்புல மண்டியிடறதுன்னு போடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தரைமட்ட இயக்கம்னு போட்டிருக்கலாம். அவங்களுக்கு மண்டின்னாலே வயித்தக் கலக்கும்."

"தரைமட்ட இயக்கம்னா தண்ணி பைப் போடற வேலை மாதிரி இருக்கு ஐயா."

"சிரி, சிரி. நாளைக்கு அந்தம்மா, பொம்பளைங்கள அடிமையாக்கறியான்னு கேட்கும்போதும் சிரி."

பிறகு அவரே டைரக்டர் அறையிலிருந்த சோபாவை நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். விருந்தாளி அதில்தான் உட்கார வேண்டுமாம்.

விருந்தாளியின் பெயர் டாக்டர் ஹால்வர்சென். ஐம்பது தாண்டிய, நெடுநெடுவென்று உயரமான பெண்மணி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. இஞ்சி டீயை ரசித்துக் குடித்தாள், பெயர்களைச் சரியாகச் சொல்ல மெனக்கெட்டாள். ஆனால் முதல் கேள்வியே லுபோவா சொன்ன கேள்விதான்.

"எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. பெண்கள் அடுத்தவங்க முன்னால மண்டியிடறதுக்கு நாங்க பணம் தரலாமா?"

லுபோவா நல்வோகாவைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்று புருவத்தைத் தூக்கினார்.

"மேடம், மண்டியிடணுமா வேண்டாமான்னு அவங்க தீர்மானிக்கட்டும்" என்றாள் நல்வோகா. "நானே என் மாமனார் முன்னால மண்டி போடறவதான், சில நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் போடறேன். ஆனா போட முடியலைங்கறதால ஒருத்தி அண்ணன் சாவுக்கு வந்துட்டு கார்லயே உட்கார்ந்திருக்கறா. அதுக்குத்தான் வைத்தியம் கேட்கறேன்."

டாக்டர் ஹால்வர்சென் தலையாட்டினாள். பார்க்கலாம் என்றாள்.

அத்தை வந்தாள். பட்டுக் கோமேசி அங்கி உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, கல்யாண வீட்டுக்கு வந்தவளாட்டம் வந்தாள். சோபாவுக்கு எதிரே பாய் விரித்திருந்தது. போனை முக்காலியில் பொருத்தி வீடியோவைத் தொடங்கிவிட்டு, நல்வோகா சுவரோரம் போய் நின்றாள். இனி அவள் பேசக் கூடாது. டாக்டர் ஹால்வர்சென் கையில் கடிகாரம்.

அத்தை இறங்கினாள். என்ன அழகாக இறங்கினாள்! சுவரைப் பார்த்துச் செய்தபோதுகூட இத்தனை நிதானம் இருந்ததில்லை. முட்டி பாயைத் தொட்டது. கால்களைப் பக்கவாட்டில் மடித்து அமர்ந்து, நல்ல கையை மடியில் வைத்து, கண்ணைத் தாழ்த்தி, மரியாதையான குரலில் தன் பாஷையில் கேட்டாள்.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா, நியாபோ?"

நியாபோ என்றால் அம்மா. டாக்டர் ஹால்வர்சென் முகமெல்லாம் சிரித்தாள். எதுவும் சொல்லவில்லை.

நல்வோகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே. வகுப்பில் சுவர்தானே இருந்தது, சுவர் பதில் சொல்லாது, அதனால் இறங்கினதும் எழுந்தார்கள். இங்கே எதிரில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். அத்தை ஒரு மனுஷிக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். பதில் வராமல் அத்தை எழுவாளா? செத்தாலும் எழமாட்டாள். ஒருத்தர் நலம் விசாரித்தால் பதில் சொல்லுங்கள் என்று விருந்தாளிக்கு யாராவது சொல்லித்தருவார்களா? அது நல்வோகாவுக்குத் தோன்றவே இல்லை.

அத்தை கொஞ்சம் பொறுத்து, காது மந்தமோ என்று சந்தேகப்பட்டவள் போல, இன்னும் சற்று உரக்கக் கேட்டாள். "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா, நியாபோ?"

"பரவாயில்லை, பரவாயில்லை, எழுந்திருங்க" என்று டாக்டர் ஹால்வர்சென் ஆங்கிலத்தில் சொல்லிக் கையை மேலே ஆட்டினாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. கையாட்டுவது ஒரு பதிலா? அவள் அசையவில்லை.

லுபோவா இருமினார். மறுபடி இருமினார். டாக்டர் ஹால்வர்சென் அவரை முறைத்தாள், அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நல்வோகா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லேன் தாயே! முப்பது வினாடி போயிற்று. ஒரு நிமிஷமும் போயிற்று. டாக்டர் ஹால்வர்சென் முகத்தில் சிரிப்பு மறைந்து கவலை வந்தது. இந்தப் பெண்ணால் எழ முடியவில்லை, அவமானத்தில் தலை குனிந்து கிடக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சட்டென்று சோபாவிலிருந்து பாய்ந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அதுவும் எந்தக் கையை? விழுந்த கையை! பக்கவாதம் வந்த தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். அத்தை ஐயோ என்று அலறிக் கையை உருவிக்கொண்டு மறுபடி பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்க அவங்கள!" என்று நல்வோகா ஓடினாள். விதியாவது மண்ணாவது.

தோளைத் தடவிப் பார்த்தாள். நல்ல வேளை, எதுவும் நழுவவில்லை. அத்தைக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம்.

"என்னடி இது? வீட்டுக்கு வந்தவங்க மாதிரியா நடந்துக்கறாங்க? வணக்கம் சொன்னா பதிலில்ல, கையப் பிடிச்சு இழுக்கறாங்க. நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

"எந்திரிங்க அத்தை, முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சுது? என் வணக்கம் பாதியில கிடக்கு. அவங்க வாயத் திறக்கட்டும், நான் எந்திரிக்கறேன்."

டாக்டர் ஹால்வர்சென் வெளிறிப்போய் நின்றாள். "மன்னிக்கணும். ஆனா அவங்களால முடியல, நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. சோதனை முடிஞ்சது. முடியலைன்னுதான் நான் எழுதணும்."

"முடியலையா? முடியவிடாம உட்கார வச்சது நீங்க!" நல்வோகாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அவங்க உங்க நலம் விசாரிச்சாங்க. நீங்க பதில் சொல்லாம அவங்க எப்படி எந்திரிப்பாங்க?"

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லக் கூடாதுன்னு விதி போட்டதும் நீங்கதானே!"

"அமைதி, அமைதி" என்று லுபோவா நடுவில் புகுந்தார். "டீ குடிக்கலாமா?"

"டீ வேண்டாம் ஐயா!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

டாக்டர் ஹால்வர்சென் பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. "எனக்குப் புரியுது. நிஜமாவே புரியுது. ஆனா ஒரே தடவைங்கறது விதி. மறுபடி செய்யச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. திருத்தி, அடுத்த வருஷம் மறுபடி அனுப்புங்க."

அடுத்த வருஷம். அந்த வார்த்தையைக் கேட்டதும் நல்வோகாவுக்குள் ஏதோ அறுந்தது. ஆங்கிலம் போய்விட்டது. அத்தைக்குப் பக்கத்தில் பாயிலேயே பொத்தென்று உட்கார்ந்து, சொந்த பாஷையில் கொட்டினாள்.

"அத்தை, நீங்க ஏழெட்டு நிமிஷமாத்தான் இப்படிக் கிடக்கறீங்க. நான் நாலு வருஷமாக் கிடக்கேன். இவங்க முன்னால மண்டி போட்டு ஒரு பதிலுக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கேன். தர்றேன்னும் சொல்லமாட்டாங்க, தரலைன்னும் சொல்லமாட்டாங்க. திருத்து, விளக்கு, மறுபடி வா. எந்திரிச்சுப் போகவும் முடியல, உட்காரவும் முடியல. கால் மரத்துப்போச்சு அத்தை எனக்கு!"

கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. அத்தை திரும்பி அவளைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் ஹால்வர்சென் கேட்டாள்.

லுபோவா எதையும் மழுப்பிச் சொல்லும் பழக்கமுள்ளவர். அன்றைக்கு என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் அப்படியே மொழிபெயர்த்தார்.

 பிறகு டாக்டர் ஹால்வர்சென் சோபாவில் போய் உட்கார்ந்தாள். "நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?" என்று லுபோவாவிடம் கேட்டாள். அவர் சொல்லிக்கொடுத்தார். அவள் அத்தையைப் பார்த்து, நாக்கு சரியாகப் புரளாமல், "புலுங்கி" என்றாள். நலம்தான் என்று அர்த்தம்.

அத்தையின் முகம் தெளிந்தது. சும்மா விடுவாளா? "வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று அடுத்ததைக் கேட்டாள். லுபோவா சொல்லிக்கொடுக்க, டாக்டர் ஹால்வர்சென் அதற்கும் பதில் சொன்னாள். வந்ததுக்கு நன்றி, செஞ்ச வேலைக்கு நன்றி என்று வரிசை முழுவதும் நடந்து, இரண்டு பேரும் வழக்கப்படி ம்ம் என்று முனகி முடித்ததும், அத்தை நல்ல காலை முன்னால் ஊன்றினாள், கையைத் தொடையில் வைத்தாள், சாய்ந்தாள், எழுந்து நின்றாள். யாரும் தொடவில்லை. கோமேசியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் ஹால்வர்சென் கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தாள். அதைப் பார்த்தாள். முக்காலியில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"பதினோரு நிமிஷம்" என்றாள்.

நல்வோகா தலை நிமிர்ந்தாள். பதினோரு நிமிஷம் காலை மடித்து உட்கார்ந்து, நடுவில் கையை வேறு இழுத்து வலிக்கப் பண்ணி, அதற்குப் பிறகு தானாக எழுந்திருக்கிறாள். முப்பது வினாடியெல்லாம் ஒரு கணக்கா? நிஜ வீட்டில் எந்தப் பெரியவர் முப்பது வினாடியில் பதில் சொல்லி விடுகிறார்? மாடு கன்று வரைக்கும் விசாரித்துவிட்டுத்தானே விடுவார்கள். மண்டியிட்டு எழுவது பாதிதான். விடுகிற வரைக்கும் கிடந்துவிட்டு எழுவதுதான் முழுசு. அதை அளக்க வேண்டும் என்று அவளே எழுதவில்லை.

"மேடம், நான் அளவுகோலத் தப்பா எழுதிட்டேன்" என்றாள், பாயில் உட்கார்ந்தபடியே. "வேகத்த அளந்திருக்கக் கூடாது. இப்ப நான் மாத்தினா, சோதனை முடிஞ்சப்புறம் அளவுகோல மாத்தறேன்னு உங்க ஆளுங்க சொல்லுவாங்க. சரியாத்தான் சொல்லுவாங்க. பதினோரு நிமிஷம்னே எழுதுங்க. நீங்க பார்த்ததையும் எழுதுங்க."

"முப்பது வினாடி கணக்குப்படி நீங்க தோத்துப்போவீங்க."

"தெரியும்."

டாக்டர் ஹால்வர்சென் தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். "எனக்கு இதுல ஆபரேஷன் ஆயிருக்கு. என்னால ஒரு நிமிஷம்கூடத் தரையில உட்கார முடியாது" என்று சொல்லிவிட்டு, கணினியைத் திறந்து வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. கிளம்பும்போது, முடிவு குழுவின் கையில், பதில் வரும் என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. அவர்கள் எப்போதுதான் சொன்னார்கள்!

மாதங்கள் போயின. நல்வோகாவின் ஒப்பந்தம் முடிய இருந்த வாரம், ஆஸ்பத்திரி நிர்வாகம் பாய்களை எங்கே வைக்கலாம் என்று அக்கறையாக விசாரித்தது. அவள் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது போனில் மின்னஞ்சல் வந்தது. வழக்கம்போல மன்னிக்கவும் என்று தொடங்குமென்று நினைத்துத்தான் திறந்தாள். அப்படித் தொடங்கவில்லை. நிதி தருகிறோம் என்றிருந்தது. கேட்ட மூன்று வருஷத்துக்கு இல்லை, இரண்டு வருஷத்துக்கு. அளவுகோலைத் திருத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். சோதிக்க வருகிறவர்களுக்கு முதலில் மரியாதை சொல்லித்தர வேண்டும், அதற்கும் செலவுக் கணக்கில் ஒரு தொகை ஒதுக்கவும் என்று டாக்டர் ஹால்வர்சென் சேர்த்திருந்தாள்.

நல்வோகா தரையில் பாய்க்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி அத்தைக்குப் போன் போட்டாள். சந்தோஷம் வர வேண்டியதுதான், ஆனால் முதலில் வந்தது ஆத்திரம். இதைச் சொல்ல உங்களுக்கு நாலு வருஷமா?

"அத்தை, பதில் வந்துடுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க."

மறுமுனையில் அத்தை ம்ம் என்று முனகினாள். அப்புறம் சொன்னாள்.

"அப்ப எந்திரிடி."